வெளிநாட்டில் யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? செட்டிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பும் குழுக்களில் பெட்டி எடை, முறுக்கு டப்பா, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகிவிடும். டிப்ஸ் மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளப்படும். அதனால்தான் கம்போடியாவில் கையிலிருந்த சில்லறையெல்லாம் கோயில் வாசல் பிள்ளைகளுக்குப் போய்விட, மூன்று நாள் வெயிலில் வண்டி ஓட்டியவருக்கு இரண்டு டாலர் மிஞ்சுகிறது. ஜப்பானில் மேசைமேல் காசை வைத்துவிட்டு வந்தால் பரிமாறியவர் அதைத் திருப்பித் தரப் பின்னாலேயே ஓடி வருகிறார். அமெரிக்காவிலோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வெறும் பில் தொகையை மட்டும் கட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

வியாபாரத்தில் வருவதிலிருந்து தருமத்துக்கென்று ஒரு பங்கைத் தனியே எழுதிவைக்கும் மகமைப் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பயணத்துக்கும் அதையே செய்யுங்கள். டிக்கெட், விசா, ஓட்டல் போல 'கொடுப்பது' என்று ஒரு தலைப்பு போட்டு, தொகையை முன்பே ஒதுக்கி, தனிப் பையில் வையுங்கள். கை நீட்டுகிறவர் முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் இரக்கமோ கூச்சமோதான் தொகையை முடிவு செய்யும்.

கிளம்பும் முன்

முதல் வேலை, பேக்கேஜ் தாளைப் படிப்பது. "டிப்ஸ் தனி" என்றோ "ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை டாலர்" என்றோ ஒரு வரி இருக்கும். தென்கிழக்கு ஆசியக் குழுப் பயணங்களில் இது பெரும்பாலும் நாளுக்கு 2 முதல் 5 டாலர் வரை. ஏஜென்டிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தொகை கைடு, டிரைவர் இருவருக்கும் சேர்த்தா? நம்மோடு வரும் டூர் மேனேஜருக்கும் இதில் பங்கு உண்டா? படகு, மதியச் சாப்பாடு போன்ற இடங்களில் தனியாகத் தர வேண்டுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முன்பணத்தில் டிப்ஸையும் கட்டிவிட்டு, கடைசி நாளில் பஸ்ஸுக்குள் தட்டு சுற்றி வரும்போது மறுபடியும் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சில்லறை. ஒரு பயணத்துக்கு இந்தியாவிலிருந்து கையில் கொண்டுபோகும் அந்நியச் செலாவணி நோட்டுக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 டாலர் உச்சவரம்பு. மீதியைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பணம் மாற்றும் இடத்தில் நாமாகக் கேட்காவிட்டால் 100 டாலர் நோட்டாகத்தான் கையில் திணிப்பார்கள். ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து ஒரு டாலர் நோட்டு 25, ஐந்து டாலர் நோட்டு 5 என்று வாங்குங்கள். ஆறு நாள் வியட்நாம், கம்போடியா பயணத்துக்கு ஒருவருக்கு இந்த 50 டாலர் தாராளம். அமெரிக்கா போகிறவருக்கு விமான நிலையத்தில் இறங்கிய உடனேயே சில்லறை தேவைப்படும்; அதைக் கீழே சொல்கிறோம்.

நோட்டின் நிலையும் முக்கியம். கம்போடியாவில் டாலர் எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் ஓரம் கிழிந்ததை, பேனாக் கிறுக்கல் உள்ளதை வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நோட்டை டிப்ஸாகத் தள்ளிவிட்டால், வாங்கியவர் அதை மாற்ற முடியாமல் திண்டாடுவார். இந்திய ரூபாயைக் கொடுப்பதும் இதே ரகம்: அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியாம் ரீப்பில் ஓர் ஆட்டோக்காரர் நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வெளிநாட்டு நாணயம் அதைவிட மோசம். காசுகளை எந்த மணி சேஞ்சரும் எடுக்க மாட்டார். கொடுப்பதை அந்த ஊர் நோட்டாகவோ, டாலர் ஓடும் ஊரில் சுத்தமான டாலராகவோ கொடுங்கள்.

"கூகுள் பே இருக்கே" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர், துபாய், நேபாளம், இலங்கை, பிரான்ஸ் உட்படச் சில நாடுகளில் யூபிஐ ஏற்கும் கடைகள் உண்டு. அது கடைக்காரருக்கான க்யூஆர். டிரைவர் தன் போனில் காட்டும் சொந்த க்யூஆருக்கு இங்கிருந்து பணம் போய்விடும் என்று நம்பிக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள்.

பில்லை எப்படிப் படிப்பது

சிங்கப்பூர் உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள். 2024 ஜனவரி முதல் அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் சர்வீஸ் 10, மொத்தம் 110, அதற்கு வரி 9.90, ஆகக் கட்டுவது 119.90. இதற்குமேல் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ஹாக்கர் சென்டர் என்னும் பொது உணவுக்கடை வளாகத்தில் சர்வீஸ் சார்ஜும் கிடையாது, டிப்ஸும் கிடையாது. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய் அதற்கான இடத்தில் வைப்பதுதான். செய்யாவிட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம்.

இதில் ஒரு நுணுக்கம். சர்வீஸ் சார்ஜ் என்று வாங்குவது பரிமாறுகிறவர் கைக்குப் போகிறதா என்பது பல நாடுகளில் முதலாளி வைத்த வழக்கம். சிராங்கூன் ரோட்டு மெஸ்ஸில் பரிமாறும் தம்பி புதுக்கோட்டைக்காரராகவோ திருவாடானைக்காரராகவோ இருக்கலாம். நன்றாகக் கவனித்தார், அவருக்கு ஏதாவது தரவேண்டும் என்று தோன்றினால் இரண்டு, ஐந்து வெள்ளியை அவர் கையிலேயே கொடுங்கள். கார்டு மெஷினில் கூட்டிப் போடாதீர்கள். பிரிட்டனில் நிலைமை மாறியிருக்கிறது: வாங்கிய டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் பிடித்தமில்லாமல் ஊழியர்களுக்கே தரவேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. லண்டன் பில்லில் வரும் 12.5 சதவீதம் விருப்பத்தின்பேரில் தருவது. சேவை மோசமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், சண்டைக்கு வர மாட்டார்கள்.

மலேசியாவில் ஓட்டல் ரிசப்ஷனில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் கேட்பார்கள். அது வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி. டிப்ஸ் என்று நினைத்துப் பேரம் பேசாதீர்கள். மாமாக் என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தேத்தாரேக்கு (ஆற்றிய பால் டீ) டிப்ஸ் யாரும் வைப்பதில்லை. பிரான்ஸில் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். இத்தாலியில் கோப்பெர்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் ஏறும். அது மேசைக்கான கட்டணம், அதைக் கட்டிய பிறகு டிப்ஸுக்குக் கட்டாயமில்லை. ஜெர்மனியில் மேசையில் விட்டு வரும் வழக்கம் குறைவு. பில் 46 யூரோ என்றால் பணத்தை நீட்டும்போதே "ஐம்பது" என்று சொல்லிவிடுவார்கள்.

ஜப்பானில் கொடுக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பணத்தைக்கூடக் கையில் தராமல் சிறு தட்டில்தான் வைப்பார்கள். பாரம்பரிய விடுதியான ரியோகானில் தனியாகக் கவனித்துக்கொண்டவருக்குத் தர விரும்பினால் மட்டும், புது நோட்டை உறைக்குள் வைத்து, வந்த அன்றே, இரண்டு கையாலும் கொடுப்பது வழக்கம். மற்ற இடங்களில் பணத்தைவிட ஒரு சின்ன பலகாரப் பாக்கெட் நன்றாக எடுபடும்.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

அங்கே டிப்ஸ் சம்பளத்தின் ஒரு பாகம். கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான்; 1991லிருந்து இந்தத் தொகை மாறவில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலி தரவேண்டும், ஆனாலும் டிப்ஸ் வழக்கம் அங்கேயும் அப்படியேதான். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம். பிடிக்கவில்லை என்பதற்காக ஒன்றுமே வைக்காமல் வருவது, பரிமாறியவரின் கூலியைப் பிடித்துக்கொள்வதாகத்தான் பார்க்கப்படும்.

கணக்கை வரிக்கு முந்திய தொகைக்குப் போடுங்கள். சாப்பாடு 60 டாலர், வரி 4.80 என்றால், 60க்கு 18 சதவீதமான 10.80தான் டிப்ஸ், மொத்தம் 75.60. கார்டு ரசீதில் டிப்ஸுக்கான இடத்தையும் மொத்தத் தொகைக்கான இடத்தையும் நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், மொத்தத்தைக் காலியாக விட்டுவிட்டு வராதீர்கள். நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம், பில்லில் உள்ள வரியை இரட்டித்தால் கிட்டத்தட்ட 18 சதவீத டிப்ஸ் கிடைத்துவிடும், மனக்கணக்குக்கு எளிது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று கும்பலாகப் போனால் பல உணவகங்கள் 18 சதவீதத்தைத் தாங்களே சேர்த்துவிடும். அதைக் கவனிக்காமல் மேலும் 18 சதவீதம் எழுதிவிட்டு வருவதுதான் நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது.

கவுன்ட்டரில் காபி வாங்கும்போது திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள். எடுத்துக்கொண்டு நடக்கிற காபிக்கு 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஓட்டல் அறை சுத்தம் செய்பவருக்கு ஓர் இரவுக்கு 2 முதல் 5 டாலர். தினமும் காலையில் வையுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால், முந்திய நாட்களில் படுக்கை மாற்றியவர் வேறொருவராக இருக்கக்கூடும். தலையணைக்கடியில் வைத்தால் மறந்துபோன பணம் என்று எண்ணித் தொடாமல் விடுவார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் 'தேங்க் யூ' என்று எழுதி அதன்மேல் வைத்துவிட்டால் குழப்பமில்லை. கடிதம் கொண்டுவருபவருக்கு மட்டும் பணம் நீட்டாதீர்கள். அமெரிக்க அஞ்சல் ஊழியர்கள் ரொக்கம் வாங்க விதி இடம் தருவதில்லை.

அடுத்தது வீல்சேர். தனியாகப் பறக்கும் ஆச்சிகளுக்கும் அய்யாக்களுக்கும் பிள்ளைகள் வீல்சேர் போட்டுவிடுகிறார்கள். இது விமான நிறுவனம் இலவசமாகத் தரவேண்டிய சேவை, யாரும் கேட்டு வாங்க உரிமையில்லை. இருந்தாலும் அமெரிக்க விமான நிலையங்களில் தள்ளிக்கொண்டு வருபவருக்கு 5 முதல் 10 டாலர் தருவது வழக்கம். சிங்கப்பூரிலும் துபாயிலும் எதிர்பார்ப்பு இல்லை. இரண்டு ஐந்து டாலர் நோட்டுகளைப் பாஸ்போர்ட் பையில் வைக்காமல் சேலை முடிச்சிலோ சட்டைப் பையிலோ வைத்து அனுப்புங்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஒன்றாக எடுத்து, குடியேற்ற அதிகாரி முன்னால் ஒரு நோட்டு கீழே விழுந்தால் அது தேவையில்லாத சிக்கல். வெளியே வந்து மகனையோ மகளையோ பார்த்த பிறகு கொடுத்தால் போதும். வழியில் "முதலில் கொடுத்தால் சீக்கிரம் போகலாம்" என்று எவராவது சொன்னால், "மகன் வெளியே நிற்கிறான், அவன் தருவான்" என்று சொல்லச் சொல்லிக்கொடுங்கள்.

சீருடையில் உள்ள அதிகாரிக்கு எங்கேயும், எந்தத் தொகையும் தரக்கூடாது. போலீஸ், சுங்கம், குடியேற்றம் மூன்றுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் லஞ்சம் கொடுக்க முயல்வதற்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாஸ்போர்ட்டுக்குள் நோட்டை மடித்து வைக்கச் சொல்லும் 'அனுபவசாலி'களை நம்பாதீர்கள்.

குழுவாகப் போகும்போது

20 பேர், ஆறு நாள், ஆளுக்கு நாளுக்கு 3 டாலர் என்றால் 360 டாலர். இதைக் கடைசி நாள் பஸ்ஸில் ஒரே உறையாகக் கைடு கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது சடங்காகிவிட்டது. அதில் டிரைவருக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. உதவியாளருக்கு ஒன்றும் போயிருக்காது. மூன்று உறை போடுங்கள்: கைடுக்கு 200, டிரைவருக்கு 120, பெட்டி ஏற்றிய பையனுக்கு 40. ஒவ்வொன்றையும் அவரவர் கையில், தனித்தனியாகக் கொடுக்க இரண்டு பேரை நியமியுங்கள். ஊருக்கு ஊர் டிரைவர் மாறினால் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதே கணக்கை முடித்துவிட வேண்டும். ஹனோயில் ஓட்டியவருக்கு சைகோனில் இருந்து கொடுக்க முடியாது.

குழுவில் ஒருவர் மட்டும் தாராளம் காட்டி முதல் நாளே கைடு கையில் ஐம்பது டாலரைத் திணித்துவிடுவார். அப்புறம் ஆறு நாளும் கைடு அவர் குடும்பத்துக்கே குடை பிடிப்பார். தனியாகத் தர ஆசையிருந்தால் கடைசி நாள், யாரும் பார்க்காமல்.

ஐரோப்பாவில் இன்னொன்று. "இன்னும் ஒரு இடம் போங்க, தனியாகப் பார்த்துக்கிறோம்" என்ற பேச்சு பஸ் டிரைவரிடம் எடுபடாது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். வண்டியிலுள்ள கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. மீறினால் அபராதம் அவர் தலையில் விழும். வற்புறுத்துவது அவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, இலங்கை

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரண்டுமே வழவழப்பான பாலிமர். இருட்டிய வேளையில் ஒரு டாலர் மதிப்புக்கும் குறைவான நோட்டு என்று நினைத்து இருபது டாலர் நோட்டைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஐந்து லட்சத்தைப் பர்ஸில் வேறு அறையில் வையுங்கள். படகு தள்ளுகிறவர், சைக்ளோ மிதிப்பவர் போன்றோருக்கு 20,000 முதல் 50,000 வரை சரியான அளவு.

தாய்லாந்தில் மசாஜ் செய்தவருக்கு 50 முதல் 100 பாட். சாலையோரக் கடையில் தேவையில்லை. நோட்டில் மன்னர் படம் இருப்பதால் கசக்கி எறிவதோ, காற்றில் பறந்தால் காலால் மிதித்து நிறுத்துவதோ கூடாது, அது சட்டப்படியே குற்றமாகக்கூடும்.

இலங்கையில் ஓட்டல் பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் இருக்கும். கதிர்காமம், நல்லூர், திருக்கேதீச்சரம் என்று நாலைந்து நாள் கூடவே வரும் கார் டிரைவருக்குக் குடும்பமாகச் சேர்ந்து நாளுக்கு 5 முதல் 10 டாலருக்குச் சமமான இலங்கை ரூபாய் நியாயமானது. நுவரெலியா போகும் வழியில் கொழுந்துக் கூடையோடு சாலையோரம் நின்று படத்துக்குக் காசு கேட்பவர்கள் உண்டு. படம் எடுத்தால் பேசியதைக் கொடுங்கள், எடுக்கவில்லை என்றால் நகருங்கள். உள்ளே தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை அந்த ஆட்களோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அவர்களில் பலருடைய முன்னோர் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து போனவர்கள். தமிழில் நாலு வார்த்தை பேசி, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குச் சாக்லேட் வீசுவது வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம்

இதில்தான் நல்ல மனசு அதிகமாகத் தவறிப் போகிறது, ஆகவே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கோர் வாட் வாசலில் அஞ்சலட்டையும் வளையலும் விற்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளை "ஒன் டாலர்" என்று பின்னாலேயே வரும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கொடுத்தாலும் அது சில குடும்பங்களுக்குப் பெரியவர் கூலியைவிட அதிகம். பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாது. வீட்டார் அனுப்ப மாட்டார்கள். நம் ஊரிலும் வெளிநாட்டுக்காரரைக் கண்டால் "ஒன் பென்" என்று சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பேனாவில் கெடுதல் இல்லை, யாரோ கொடுத்துப் பழக்கியதுதான் அது. பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். பக்கத்தில் அதே பொருளை விற்கும் பெரியவரிடம் வாங்குங்கள்.

கைக்குழந்தையோடு வரும் பெண்ணோ, சிறுமியோ "காசு வேண்டாம், பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பது இன்னொரு வகை. காசு கொடுக்கவில்லையே என்று நமக்கும் மனம் ஒப்பிவிடும். அவரே காட்டும் கடையில், வழக்கத்தைவிட அதிக விலைக்கு டின் வாங்கித் தருவோம். நாம் தெருமுனை திரும்பியதும் டின் அதே கடைக்குத் திரும்பும், பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இவற்றைவிடப் பெரியது அனாதை இல்ல விஷயம். பிறந்தநாள், திதி என்றால் ஓர் இல்லத்துக்குப் போய் ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அதே எண்ணத்தோடு சியாம் ரீப்பிலோ காட்மாண்டிலோ ஆட்டோக்காரர் அழைத்துப் போகும் இல்லத்துக்குப் போகாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிக் கிராமத்திலிருந்து அழைத்து வந்து, வருகிறவர் முன்னால் ஆட வைத்து, நன்கொடை வாங்குவது சில இடங்களில் தொழிலாகவே ஆனது. வருகிறவர் கூடக்கூட இல்லங்களும் கூடின. யார் எவர் என்று விசாரிக்காமல் முன்பின் தெரியாதவர்களைப் பிள்ளைகளோடு இருக்கவிடும் இடம் பாதுகாப்பான இடமாகவும் இருக்க முடியாது. இதை எதிர்த்துத்தான் 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்ற இயக்கத்தை ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011இல் கம்போடியாவில் தொடங்கியது. நல்ல இல்லம் என்றால் முன்னறிவிப்பில்லாமல் வரும் சுற்றுலாக்காரரை உள்ளேயே விடாது. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? அங்கோர் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர். அதில் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஆகவே வாசலிலேயே கொஞ்சம் கொடுத்துவிட்டீர்கள். இன்னும் தர விரும்பினால் அதே மருத்துவமனைக்கு நேரடியாகத் தரலாம். இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறுதலும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி உணவகங்களில் சாப்பிடலாம். ஹனோயில் 1999இல் தொடங்கிய கோட்டோ அப்படிப்பட்டது. கைவினைப் பொருளைச் செய்தவரிடமே, அடிமாட்டு விலைக்கு இறக்காமல் வாங்கலாம். ஓலைக் கொட்டான் பின்னும் பெண்ணிடம் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்தானே நாம். பள்ளிக்கூடத்துக்கு உதவுவதானால் தலைமை ஆசிரியரிடம் என்ன தேவை என்று முதலில் கேட்டு, வகுப்பு நேரம் முடிந்தபின், அவர் கையில் கொடுங்கள். ஒரு விவரம்: வெளிநாட்டு அமைப்புக்குத் தருவதற்கு இங்கே 80ஜி வரிச்சலுகை கிடையாது.

கோயில், பிக்கு, பறவை

சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலோ, பினாங்கு கோயிலோ, அர்ச்சனைக்குக் கவுன்ட்டரில் சீட்டு வாங்குவது முறை; காணிக்கை உண்டியலில். சிதம்பரத்திலோ திருப்பதியிலோ பழகிய கையோடு அர்ச்சகர் தட்டில் பெரிய நோட்டாகப் போட்டுத் தனி தரிசனம் கேட்காதீர்கள்.

பாலியிலும் அங்கோரிலும் கோயில் வாசலில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முன்னால் வந்தவர்கள் லட்சம் லட்சமாக எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். மொய் நோட்டைப் பார்த்ததும் பக்கத்து வரியைவிடக் குறைக்கக் கூடாது என்று நம் கை தானாகவே எழுதிவிடும். எழுதிய தொகையில் பூஜ்யங்கள் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் ஒதுக்கியதைப் பெட்டியில் போட்டுவிட்டு நகருங்கள். கையில் ஊதுவத்தியைத் திணித்து ஆசி வழங்குகிறவருக்கும் இதே விடைதான்: வத்தியை வாங்காதீர்கள்.

பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் சுற்றுலாத் தெருவில் காவி அணிந்து கையில் கயிறோ தகடோ கொடுத்துப் பணம் கேட்பவர் பெரும்பாலும் பிக்கு அல்லர். தேரவாதப் பிக்கு விடிகாலையில் உணவு ஏற்பார், தெருவில் பணத்துக்குப் பேரம் பேச மாட்டார். லாவோஸின் லுவாங் பிரபாங்கில் அந்த விடிகாலைப் பிச்சையில் கலந்துகொள்வதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை, காலணி கழற்றிய கால், வாய்பேசாமை வேண்டும். பிளாஷ் போடக் கூடாது. சோற்றை விடுதியில் சொல்லி முன்பே தயாராக வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் விற்கும் பழைய சோற்றை அவர் பாத்திரத்தில் போடாதீர்கள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது.

கூண்டுப் பறவையைக் காசு கொடுத்து விடுவித்தால் புண்ணியம் என்று ஆற்றங்கரையில் விற்பார்கள். விடுவதற்காகவே பிடிக்கிறார்கள், விட்டதை மறுபடியும் பிடிக்கிறார்கள். பத்துமலைக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதும் வேண்டாம், அடுத்த முறை அது கைப்பையையே பிடுங்கும்.

துபாயில் பிச்சை எடுப்பது குற்றம்; அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிப்பதும் குற்றம். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கென்று அங்கே ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களிடம் நீட்டுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பணமில்லாமல் கொடுப்பது

விருந்து வைத்த வீட்டுக்கும், சொந்தப் பிள்ளை போலக் கூட வந்த கைடுக்கும் பணத்தைவிடப் பொருள் பொருத்தம். கண்டாங்கிச் சேலைத் துணியில் தைத்த சின்னப் பை எந்த நாட்டுக்கும் போகும், உடையாது, கெடாது. கொட்டான் அழகுதான், ஆனால் பனை ஓலை தாவரப் பொருள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் இறங்கும் அட்டையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மறைத்தால் பொருளும் போகும், அபராதமும் வரும். பால்கோவா, நெய்ப் பலகாரம் இந்த இரண்டு நாட்டுக்கும் வேண்டாம். கைமுறுக்கும் சீப்புச்சீடையும் கடையில் மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக, உள்ளிருப்பவை ஆங்கிலத்தில் அச்சிட்டதாக இருந்தால் வேறு பல நாடுகளில் சிக்கல் குறைவு. அங்கேயும் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். பழைய துணிமணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் ஏழை நாட்டில் கொடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பெட்டிக் கூலிக்கு அங்கேயே புதிதாக வாங்கிக் கொடுத்துவிடலாம், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

மிஞ்சியதை என்ன செய்வது

டிப்ஸ் பையில் மிஞ்சும் நாணயங்களைக் கடைசி நாள் தண்ணீர் பாட்டிலுக்கோ, விமான நிலையத்து அறக்கட்டளைப் பெட்டிக்கோ தீர்த்துவிடுங்கள். இங்கே கொண்டுவந்தால் பேரப்பிள்ளையின் உண்டியலுக்குத்தான் ஆகும். நோட்டாக மிஞ்சுவதில் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அதற்குமேல் இருப்பதைத் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளை மட்டும் மாற்றாமல் எடுத்து வையுங்கள். அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது திருச்சியிலோ மதுரையிலோ ஒரு டாலர் நோட்டுக்கு அலைவது மிச்சம்.